கூவிச் சொன்ன எடை

வளையப்பட்டி, நாமக்கல்
17.2.1986

தெரசா,

நலம் விசாரித்துவிட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்று எனக்கு அந்த முறையெல்லாம் மறந்துபோயிற்று.

பள்ளி விடுதியில் ஐந்து வருடம் ஒரே பாயில் படுத்தவர்கள் நாம். நீ நர்ஸாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நாமக்கல்லை விட்டுச் சேலத்துக்கு அந்த டாக்டரம்மாவிடம் வந்தேன். நீ என்ன செய்தாய்? என்னைத் தராசில் ஏற்றி, மூலையில் நோட்டு எழுதுகிற பெண்ணுக்குக் கேட்கவேண்டும் என்று "வசந்தாமணி, எண்பத்தொன்பது!" என்று கூவினாய். பெஞ்சில் இருந்த நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் சொல்வார்கள்.

என் மாமியாரை உனக்குத் தெரியுமே. அவருக்கு அது அவமானமாகவே படவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம், "எங்கூட்டு மருமவ எண்பத்தொம்பது கிலோங்க. கண்ணாலமாயி வாரப்ப நாப்பத்தெட்டுதான் இருந்தா. சோறு போடாத ஊடுன்னு இனி எவளாச்சும் பேசட்டும், பாத்துக்கறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் நாமக்கல் சேருவதற்குள் கண்டக்டர் வரை என் எடை தெரிந்துவிட்டது.

அது போகட்டும். மறுநாள் பால் ஊற்றுகிற இடத்தில் எங்கள் ஊர் பாப்பாயி என்ன சொன்னாள் தெரியுமா? "தீனி தின்னுபோட்டு முட்ட வெக்காத கோழிய நாம என்னுங்க பண்ணுவோம்? கழிச்சு உட்டுருவோமில்ல?" என் பண்ணையில் இரண்டாயிரம் கோழி. முட்டை வைக்காததைப் பிரித்துக் கறிக்கடை வண்டியில் ஏற்றுவது நான்தான். அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை.

என் உடம்பைப் பற்றி நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. ஒரு மூட்டைத் தீவனத்தை ஆள் துணை இல்லாமல் தூக்குகிறவள் நான். கல்யாணமாகி ஒன்பது வருடம், வயது முப்பது. மூன்று மாதம் மாத்திரை கொடுத்தீர்கள், கருமுட்டை வெளியே வரவில்லை என்றீர்கள். இப்போது பத்துக் கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் மேற்கொண்டு மாத்திரையாம். வைத்தியம் தெரியாதவர்கள் சொல்கிற சாக்கு இது.

உனக்கும்தான் ஏழு வருடமாகப் பிள்ளை இல்லை. உன்னை யாராவது தராசில் ஏற்றிக் கூவினார்களா?

இனி உங்கள் படி ஏறமாட்டேன்.

வசந்தாமணி


சூரமங்கலம், சேலம்
24.2.1986

வசந்தா,

கடிதம் கிடைத்தது. கடைசிக்கு முந்தைய வரியை நீ எழுதியிருக்க வேண்டாம். அதைப் பற்றி வேறெதுவும் எழுதப் போவதில்லை.

எடையைக் கூவுவது எங்கள் இடத்து வழக்கம். நாளைக்கு எழுபது பேர் ஏறி இறங்குகிறார்கள். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதுவாள். உன்னை மட்டும் கூவவில்லை. ஆனால் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை.

மாத்திரையைப் பற்றி டாக்டரம்மா சொன்னது சாக்கு அல்ல. உடம்பில் கொழுப்பு அளவுக்கு மீறினால் சுரக்கவேண்டியது முறை தவறிச் சுரக்கிறது. மாத்திரை தட்டினாலும் கதவு திறப்பதில்லை. வேகத்தைக் கூட்டிக் கொடுத்துக் கருமுட்டையை வெளியே கொண்டுவந்தாலும், அது தெம்பில்லாமல் வருகிறது. கரு நின்றாலும் தங்காமல் போகிறது. இப்படிப் போனவர்களை நான் கண்ணால் பார்க்கிறேன். உன் வீட்டுக்காரர் சென்னிமலை அண்ணனுக்குச் சோதனையில் எந்தக் குறையும் இல்லை. எடை குறைந்தால் பிள்ளை நிச்சயம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. மருந்து வேலை செய்ய வழி உண்டாகும் என்றுதான் சொன்னார்.

நீ படி ஏறாவிட்டால் எங்களுக்கு ஒரு பெயர் குறையும். உனக்கு என்ன குறையும் என்று நீயே யோசி.

தெரசம்மாள்


வளையப்பட்டி
11.9.1986

தெரசா,

ஏழு மாதமாகி விட்டது. கோபம் தணிந்ததால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. காரியம் இருக்கிறது.

பம்பாயில் கண்ணாடிக் குழாயில் கரு உண்டாக்கிக் குழந்தை பிறந்ததாகப் பேப்பரில் வந்ததே, அதை என் வீட்டுக்காரர் வெட்டிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். "நாமளும் பம்பாயி போவோம் வசந்தா. கோழியெல்லாம் வித்தாலும் சேரி. அங்க உடம்புக்குள்ளாறயே வேல இல்லியாம், எல்லாம் வெளியவே முடிச்சுக் குடுத்துடுவாங்களாம்" என்கிறார். உள்ளே வேலை இல்லை என்றால் என் எடையைப் பற்றியும் எவனும் கேட்கமாட்டான் அல்லவா? டாக்டரம்மாவிடம் கேட்டு அங்கே காட்ட ஒரு கடிதம் வாங்கித் தா.

உனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும், நானே சொல்லிவிடுகிறேன். இப்போது தொண்ணூற்றொன்று. தீவன மூட்டை போடுகிற தராசில் நானே ஏறிப் பார்த்தேன். பாப்பாயி சொன்னதிலிருந்து வீம்புக்கு இரண்டு கவளம் கூடத்தான் சாப்பிட்டேன். மாமியார் பரிமாறுகிற சோற்றில் நெய் மிதக்கிறது. வேண்டாம் என்றால், "ஊருல நாலு பேரு பேசோணுமா சாமி?" என்று கண் கலங்குகிறார்.

கண்டக்டர் பச்சமுத்துவிடம் ஒரு தட்டு முட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். சமாதானத்துக்கு அல்ல. இந்த வாரம் முட்டை அதிகம்.

வசந்தாமணி


சூரமங்கலம்
20.9.1986

வசந்தா,

முப்பது முட்டையும் உடையாமல் வந்தது. எனக்கு இப்போது ஒருசந்தி விரத நாட்கள். அதனால் ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. உட்கார வைத்துச் சொன்னார். பம்பாயிலும் கருமுட்டை உன் உடம்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஊசி போட்டு வளர்த்து, ஊசியாலேயே எடுப்பார்கள். கனத்த உடம்பில் அந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. எடுக்கிற முட்டை குறைவு. வெளியே வைத்து உண்டாக்கினாலும் கரு பாதியில் வாடிவிடக் கூடும். கண்ணாடியில் வளர்கிற கருவும் முட்டையின் தெம்பில்தான் வளரும். அங்கே போனாலும் முதலில் தராசில்தான் ஏற்றுவார்கள்.

நீ கோழி வளர்க்கிறவள் வசந்தா. இதை உனக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

கடிதம் கொடுக்க டாக்டரம்மா மறுக்கவில்லை. எண்பதுக்கு வந்தபின் கேட்டால் அவரே பம்பாய்க்கு எழுதுவாராம். அதற்குள் தேவைப்படாமலே போகலாம் என்றும் சொன்னார்.

தெரசம்மாள்


வளையப்பட்டி
2.12.1986

தெரசா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ கோழி வளர்க்கிறவள் என்று எழுதினாயே, அது என்னை உட்கார விடவில்லை. குஞ்சு கொடுக்கிற செல்லமுத்து அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் பொரிப்பகத்தில் முட்டைகளை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். நல்ல முட்டையில் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடுகிறது. சிலதில் ஒரு சிவப்பு வளையம் மட்டும். உண்டான கரு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செத்துப்போன அடையாளமாம். "தாய்க்கோழி கொழுத்துப் போச்சுன்னா இந்த மாதிரி நெறைய வரும் அம்மிணி. அதனாலதான் நாங்க வாரா வாரம் எட போட்டு, அளந்து தீனி வெக்கறோம்" என்றார். அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்கென்று வரும்போது ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்து வேறொரு காரியம் செய்தேன். வயதாகி முட்டை குறைந்த கோழிகளுக்கு நாங்கள் மோல்டிங் செய்வோம். பத்து நாள் தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுத்தால் இறகெல்லாம் உதிரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி வைத்தால் புது இறகு முளைத்து மறுபடி முட்டை வைக்கும். எத்தனை கொட்டகைக்கு இதைச் செய்திருக்கிறேன்! எனக்கும் செய்துகொண்டேன்.

புரட்டாசி விரதம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். சாமி காரியம் என்றால் அவர் குறுக்கே நிற்கமாட்டார். பத்து நாள் தண்ணீரும் மோரும். அதன்பிறகு ஒரு மாதம் அரை வயிறு. தராசில் எடை இறங்க இறங்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்பது! உனக்குத் தந்தி அடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஐப்பசியில் தீவனம் கலக்கிற அறையில் மயங்கி விழுந்தேன். குமட்டலும் இருந்தது. தீட்டு தள்ளிப் போயிருந்தது. மாமியார் நாளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். போனவர் மாவிளக்குக்கு அரிசி ஊறப் போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்தப் பேப்பர் துண்டை எடுத்துக் கிழித்துப் போட்டார். நானும் நம்பினேன் தெரசா. பதினாறு நாள் நம்பினேன்.

நாமக்கல்லில் காட்டியபோது உள்ளே எதுவும் இல்லை, இது வெறும் பட்டினி என்று சொல்லிவிட்டார்கள். மாமியார் இடித்த மாவைக் கோழிக்குப் போட்டார்.

இப்போது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கோழிக்கு இறகு உதிர்ந்தால் முட்டை வருகிறது. எனக்கு முடி மட்டும்தான் உதிர்ந்தது. தீட்டு இன்னும் வரவில்லை. என்ன செய்யட்டும்?

வசந்தா


சூரமங்கலம்
8.12.1986

வசந்தா, பைத்தியக்காரி,

இன்றே சாப்பிடத் தொடங்கு. மூன்று வேளை. காலையில் கம்பங்கூழ், கூடவே ஒரு முட்டை. மதியம் ஒரு தட்டுக்கு மேல் சோறு வேண்டாம், ஆனால் தட்டில் பாதி கீரையும் பருப்பும் இருக்கவேண்டும். நெய்யை நிறுத்து. இரவு களி. காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நட. மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. முதலில் ஒன்றிரண்டு ஏறும், பயப்படாதே.

முடி திரும்பவும் வளரும். பட்டினி கிடக்கிற உடம்பு உயிரைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறெதையும் நினைக்காது. நகம் வெளுக்கும். மார்கழி வருவதற்கு முன்பே எலும்புக்குள் குளிரும், போர்வையைப் போர்த்தினாலும் அடங்காது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். மோதிரம் தானாகக் கழன்று பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் விழும். தீட்டு முதலில் தள்ளிப் போகும், பிறகு சொட்டாகும், பிறகு வராது. நாளாக நாளாக, வரவேண்டும் என்ற நினைப்பே விட்டுப்போகும். அந்த அளவுக்கு நீ போய்விடக் கூடாது.

கொழுத்தாலும் பிடிக்காது, காய்ந்தாலும் பிடிக்காது. எத்தனை பேருக்கு இதை வாயால் சொல்லியிருக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் வா. எடையை நான் சீட்டில் எழுதிக் கையில் தருகிறேன். கூவமாட்டேன். அன்றைக்குக் கூவியது தப்பு.

மாவிளக்கைப் படித்தபோது எனக்கு வேலை ஓடவில்லை.

தெரசா


வளையப்பட்டி
15.12.1986

தெரசா,

சாப்பிடுகிறேன். மாமியாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "என்னோட நெய்யாலயா இத்தன வருசம் போச்சு?" என்று ஒரு நாள் முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் நெய்ச்சட்டியைத் தூக்கி மச்சில் வைத்துவிட்டார்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. மோதிரம் கழன்று தண்ணீரில் விழும் என்பது எந்த நர்ஸ் புத்தகத்தில் இருக்கிறது?

பிப்ரவரியில் என்னைத் தராசில் ஏற்றியபோது உன் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். கோபத்தில் மறந்துவிட்டேன். செப்டம்பரில் ஒருசந்தி என்று எழுதினாய். ஈஸ்டருக்கு முந்தைய உங்கள் தபசு காலம் மாசி பங்குனியில் வரும் என்று நம் விடுதிக்கே தெரியுமே. செப்டம்பரில் என்ன ஒருசந்தி?

உன் எடை என்ன? எண்ணை மட்டும் எழுது. நானும் கூவமாட்டேன்.

வசந்தா


சூரமங்கலம்
6.1.1987

வசந்தா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

முப்பத்தாறு.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஒரு பிள்ளை தரும்வரை வெள்ளிதோறும் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. தரவில்லை. கேட்பது போதவில்லை என்று புதனையும் சேர்த்தேன். பிறகு சனி. வீட்டில் நான் மூத்தவள், ஐந்து பேருக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்று வளர்ந்தவள். பசி எனக்குப் பழைய சிநேகிதி. அதனால் கஷ்டமாகவும் இல்லை. சொல்லப்போனால் பெருமையாக இருந்தது. யாராலும் முடியாதது என்னால் முடிகிறது என்று.

தீட்டு நின்று இரண்டு வருடமாகிறது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தினமும் எழுபது பெண்களுக்கு எடையைப் பற்றிச் சொல்கிறேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை கேட்டு இருக்கிற விரதமே பிள்ளையைத் தடுக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விட முடியவில்லை. சாமியிடம் கொடுத்த வாக்கை வயிற்றுக்காக மீறினேன் என்று ஆகிவிடாதா? மீறின பிறகும் பிறக்காவிட்டால், நான் மீறினதால்தான் என்று ஆகிவிடாதா?

உன் எடையைக் கூவினபோது எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது வசந்தா. உன்னை விட நான் கட்டுப்பாடானவள் என்ற சந்தோஷம். அதுதான் தப்பு. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

யாரிடமும் சொல்லாதே.

தெரசா


வளையப்பட்டி
12.1.1987

அடி தெரசா,

முப்பத்தாறா! என்னிடம் அரை மூட்டைத் தீவனமே அதைவிடக் கனக்குமே.

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யோசித்தும் முடித்துவிட்டேன். வாக்கை நீ மீறவேண்டாம். உன் ஒருசந்தியை எனக்குக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடு எனக்கு நல்லதுதானே? டாக்டரம்மா அனுமதித்தால் உன் மாதாவுக்கு நான் இருக்கிறேன். நாமகிரித் தாயார் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் பெண்தான். பதிலுக்கு நான் தின்னக் கூடாத நெய்யையும் முட்டையையும் நீ தின்னு. என் மாமியார் பத்து வருடமாக ஊட்டிப் பழகின கை, சும்மா இருக்க முடியாமல் தவிக்கிறது. உன்னைப் பற்றி உடம்பு சரியில்லாத சிநேகிதி என்று மட்டும்தான் சொன்னேன். "அந்தப் புள்ள நம்மூட்டு நெய்ய திம்பாளா?" என்று மச்சிலிருந்து சட்டியை இறக்கிவிட்டார்.

வெள்ளிதோறும் பச்சமுத்து பஸ்ஸில் முட்டை வரும். எந்தப் பிள்ளைகளுக்காவது கொடுத்தாய் என்று தெரிந்தால் நானே சூரமங்கலம் வந்து, உங்கள் கோயில் வாசலில் நின்று உன் எடையைக் கூவுவேன். எனக்குக் குரல் பெரிது.

உங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேள். அதற்கு முன் உன் வீட்டுக்காரரிடம் சொல்.

வசந்தா


சூரமங்கலம்
3.5.1987

அன்புள்ள வசந்தா,

போன வாரம் நீ வந்து போனபோது பக்கத்தில் உன் மாமியார் இருந்ததால் எல்லாம் பேச முடியவில்லை.

சாமியாரிடம் போனதைச் சொல்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "தெரசம்மா, மாதா உன்கிட்ட பிள்ளைக்கு விலை கேட்டாங்களா? நீயா ஒரு விலையைச் சொல்லி, நீயா ஏத்திக்கிட்டே போயிருக்க" என்றார். நேர்ச்சையை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டாம். சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டவேண்டும், அதுதான் இனி என் நேர்ச்சை. தபசு காலத்தில்கூட எனக்கு ஒருசந்தி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் யோசனையையும் சொன்னேன். நாமக்கல்லில் ஒரு கவுண்டர் வீட்டு அம்மா எனக்காக வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருக்கிறாள் என்றேன். "அந்த அம்மா நல்லா இருக்கட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்ன அன்று அவர் என்னைத் திட்டவில்லை. எனக்கும் சோறு போட்டுக்கொள்ளச் சொல்லி இன்னொரு தட்டை எடுத்துவைத்தார். இப்போது இருவரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். முதலில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இப்போது நாற்பத்தொன்று. ஈஸ்டருக்கு மறுநாள் தீட்டு வந்தது. முப்பத்தொரு வயதுக்காரி, பெரியவளான பெண் மாதிரி வெட்கப்பட்டு அவரிடம் சொன்னேன்.

உன் சீட்டு என் முன்னால் இருக்கிறது. எழுபத்தைந்து. தீட்டு மாதம் தவறவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை. பழைய அளவில் பாதிதான், இப்போது அது போதும் என்கிறார் டாக்டரம்மா. நீ படி ஏறி வந்த நடையைப் பார்த்து எனக்குக் கர்வமாக இருந்தது.

தெரசா


நாமக்கல் ஆஸ்பத்திரி
21.3.1988

தெரசா,

வலி எட்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. சேலம் வர நேரமில்லை. நாமக்கல்லிலேயே நேற்றுக் காலை பிறந்தாள். ஆமாம், பெண். என் மாதிரியே குரல்.

இரண்டாம் மாதத்து மாத்திரையில் கரு நின்றபோது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை, உனக்குத் தெரியும். மூன்று மாதம் வரை எனக்குக் கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு வளையம்தான். உன் மாதாவிடம் சொல்லி வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை வாங்கிக் கொடுத்தாயே, அந்த நன்றி இன்னும் பாக்கி.

பிறந்தால் எடையை நீதான் கூவவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ இல்லை. நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்துவிட்டு, நம் கதையெல்லாம் தெரியாதவள், வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். என் மாமியார் விடவில்லை. "என்ன சாமி சொன்ன? சத்தமாச் சொல்லு!" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். எண்பத்தொன்பதைப் பஸ் முழுக்கச் சுமந்து வந்த அதே வாய் தெரசா. "எம்பேத்தி மூணு கிலோ நூறுங்க! மூணு கிலோ நூறு!" பிரசவ வார்டிலிருந்து மருந்து வாங்குகிற வரிசை வரைக்கும் கேட்டதாம். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

பாப்பாயி பார்க்க வந்தாள். குழந்தையை அவள் மடியில் வைத்தேன்.

நான் எழுபத்தொன்பதில் இருக்கிறேன். இறங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை. உன் எண்ணை எழுது. மூன்று மாதமாக நீ சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வசந்தா


சூரமங்கலம்
26.3.1988

வசந்தா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் தராசில் போய் ஏறினேன். பயத்தில்தான் மூன்று மாதமாக ஏறாமல் இருந்தேன், இறங்கியிருக்குமோ என்று.

போன வருடத்திலிருந்து எங்கள் இடத்தில் எடையைக் கூவுவதில்லை. சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுத்துவிடுகிறோம். வழக்கத்தை மாற்றியது நான்தான். இன்று நானே அதை மீறினேன். மூலையில் நோட்டு எழுதுகிற பெண் எனக்கும் ஒரு சீட்டை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெஞ்சில் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும்படி கூவினேன்: "தெரசம்மாள், நாற்பத்தாறு!"

தெரசா